மிச்சமிருக்கும் ஒரு தடவை

கோரமண்டல்,
கோலார் தங்க வயல்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரதாப்புக்கு,

சின்னம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று குடியாத்தம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வரியை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். நீ பனியில் காதை மூடிக்கொண்டு இருக்கிறாயா? நான் அனுப்பிய குல்லாவைப் போடாமல் பெட்டியிலேயே வைத்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தேடினாள் என்று நினைப்பாய். மலைமேல் எல்லைக் காவலுக்குப் போனால் எப்போது லைன் கிடைத்தாலும் அப்பா நம்பருக்குத்தான் அடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ அடித்திருந்தால் ஸ்விட்ச் ஆஃப் என்றுதான் வந்திருக்கும். அதைக் கேட்டு என்னவெல்லாம் நினைத்தாயோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அப்பா உயிரோடு இருக்கிறார். வழக்கம்போல விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குக் கிளம்பியவர், பங்காரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி வண்டி மாறும்போது விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கையும் காலும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த ஃபோனை அந்தக் கூட்டத்தில் யாரோ எடுத்துக்கொண்டார்கள். விழுந்து கிடப்பவன் பையில் கைவிட எப்படித்தான் மனசு வருமோ, அவன் கை அழுகிப்போக.

பேச்சுதான் போய்விட்டது. முழுதும் போகவில்லை, அதுதான் கொடுமை. வாயில் ஒன்று மட்டும் வருகிறது. நாலு ரெண்டு ஒண்ணு ஏழு. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், கால் வலித்தாலும் அதுதான். சுரங்கத்தில் அவருக்குக் கொடுத்த டோக்கன் நம்பர். சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடும், மற்றது மெதுவாக வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷம் ஆகியும் அது அவரை விடவில்லை. என் பேர் போய்விட்டது, உன் பேரும் போய்விட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லும் நம்பருக்கெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி ஃபோன் சமாச்சாரம். அப்பாவின் சிம் உன் பேரில் இருக்கிறது. புது சிம் கேட்டு ராபர்ட்சன்பேட்டை கடைக்குப் போனேன். பேருக்கு உரியவர் நேரில் வரணும் என்றாள் அங்கிருந்த பெண். அவன் எல்லையில் துப்பாக்கி பிடித்துக்கொண்டு நிற்கிறானம்மா, எப்படி வருவான் என்றேன். பாவம், அவளும் நல்ல மாதிரிதான். திருட்டு ஃபோனில் யாரும் பேசாதபடி சிம்மை நிறுத்திவைத்தாள். மற்றபடி நெட்டில் உங்கள் கணக்கைத் திறந்து வேறு நம்பர் ஒன்றைச் சேர்த்துவிடுங்க, அப்புறம் வருகிற ஃபோன் கால்களை அந்த நம்பருக்குத் திருப்பிவிடலாம் என்றாள். போன பொங்கலுக்கு லீவில் வந்தபோது நீ உட்கார்ந்து உண்டாக்கினாயே, அந்தக் கணக்கு.

பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் என்றுதான் தெம்பாக இருந்தேன். நீ அப்பாவின் டோக்கன் நம்பரைத்தானே போட்டாய். நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் யார்தான் வேறு நம்பர் போடுகிறார்கள்? சைக்கிள் பூட்டிலிருந்து ஏடிஎம் கார்டு வரைக்கும் அவரவர் வீட்டு டோக்கன் நம்பர்தான். யார் டோக்கன் என்ன என்பதும் லைன் முழுக்கத் தெரியும். அப்பா விழுவதற்கு முந்தின நாள் டீக்கடையில் நம் லைன் பையன் சிவராஜ் இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறான். நான் நெனச்சா இந்த லைன்ல எல்லார் வீட்டு ஃபோனையும் தொறந்துடுவேன் மாமா என்று. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தானே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினார். இன்னா போட்டீங்க, எனக்கும் சொல்லுங்க என்றேன். செவுத்துக்கும் காது இருக்குது, காலையில சொல்றேன் போடி என்றார். காலையில் நான் கேட்கவில்லை, அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்குத்தான் விழுந்தார்.

இப்போது தினமும் கேட்கிறேன். அவரும் புரிந்துகொண்டு கண்ணை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்கச் சொல்ல வருகிறார். வெளியே வருவது நாலு ரெண்டு ஒண்ணு ஏழு. தப்பு என்று அவருக்கே தெரிகிறது, அழுகிறார். அதற்குமேல் அன்றைக்குக் கேட்பதில்லை.

உன்னோடு படித்த கிரண், பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறானே, அவனிடம் போனேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓடிபி அனுப்புகிறார்களாம். எந்த நம்பருக்கு? தொலைந்துபோன அதே நம்பருக்கு. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியது போல இருக்கிறது. நெட்டில் கம்பெனியின் பக்கத்தில் கிரண் ஒரு புகார் எழுதி, பக்கத்து வீட்டு ஆபிரகாம் அண்ணன் நம்பரைக் கொடுத்தான். எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவிட்டான் போல. ஒருமணி நேரத்தில் ஒருவன் கூப்பிட்டான். கம்பெனியிலிருந்து பேசுகிறேன், ஆதார் நம்பர் சொல்லுங்க, இந்த ஃபோனுக்கு வரும் ஓடிபியையும் சொல்லுங்க, உடனே திறந்து தருகிறேன் என்று தேன் மாதிரிப் பேசினான். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாது என்று நீ என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறைதானே. சொல்லமாட்டேன் என்றேன். சரி, கணக்கு வைத்திருப்பவரின் அம்மா பேராவது சொல்லுங்க என்றான். அது தெரிந்தால் உன்னிடம் ஏனப்பா பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவன் கூப்பிடும் முன்பே கிரண் கடையில் நடந்த அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன், பிரதாப். ஓடிபி இல்லாமல் உள்ளே போக இன்னொரு வழி இருக்கிறது. கணக்கு உண்டாக்கும்போது ஒரு கேள்விக்கு நீ பதில் கொடுத்து வைத்திருக்கிறாய். உங்கள் அம்மாவின் பெயர் என்ன என்பது கேள்வி. மூன்று தடவை பதில் சொல்லலாம். மூன்றும் தப்பானால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் நீ நேரில் வந்தால்தான் உண்டு.

கிரண் கேட்டதும் சௌந்தரம் என்று சொன்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் அக்காதானே உன்னைப் பெற்றவள். அவள் போனபின் என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தபோது உனக்கு ஆறு வயசு. அதற்கு முன்னாலும் உனக்கு நான் சின்னம்மாதான், பின்னாலும் சின்னம்மாதான். மாற்றிக் கூப்பிடச் சொல்லி யாரும் உன்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாயார் என்ற இடத்தில் அக்கா பேரை என் கையால்தான் எழுதினேன்.

சௌந்தரம் தப்பு என்று வந்துவிட்டது. கிரண் உன் பழைய மார்க் கார்டில் இருந்தபடி அப்பா பேரையும் சேர்த்து அடித்துப் பார்த்தான். அதுவும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான் ஆன்ட்டி இருக்குது, வேற பேரு இன்னா இருக்குது, யோசிச்சு சொல்லுங்க என்றான். வேறு பேர் எதுவும் இல்லையப்பா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் யோசித்தேன். நீ அந்தக் கணக்கைத் திறந்த அன்று நான் அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்தேன். தட்டிக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாய். இன்னாடா, காபி வேணுமா என்றேன். ஒன்றுமில்லை என்றாய். காபிக்காகத்தான் பார்த்திருப்பாய். வேறு எதற்காகவும் இருக்காது.

மிச்சம் இருக்கும் ஒரு தடவையை நான் தொடவில்லை. ஒரு பேர் நாக்கு வரைக்கும் வருகிறது, கிரண் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தப்பு என்று வந்தால் நீயும் கிடைக்கமாட்டாய், அதோடு இன்னொன்றும் போய்விடும். இத்தனை வருஷம் அது இல்லாமலே நன்றாகத்தான் இருந்தேன். இப்போது எங்கிருந்தோ ஒரு கம்பெனிக்காரன் கேட்டு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டான்.

ஆபிரகாம் அண்ணன் நம்பரை மேலே ஓரத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். லைன் கிடைத்தால் அதில் கூப்பிடு. அப்பா காதில் வைக்கிறேன். அவர் நம்பரைத்தான் சொல்வார், நீ பயந்துவிடாதே, சரிப்பா என்று மட்டும் சொல். உன் குரல் கேட்டால் வேறு வார்த்தை ஏதாவது வருமோ என்று எனக்கு ஒரு நப்பாசை. உன் ஆபீசருக்கு மனு எழுதி லீவு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் மனசை விட்டுவிடாதே, நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்.

நீ கூப்பிட்டுவிட்டால் அப்புறம் அந்தக் கணக்கைத் திறக்க வேண்டிய அவசரம் இல்லை. இருந்தாலும் என்ன பேர் போட்டாய் என்று ஒரு வரி எழுது. ஃபோனில் சொல்லாதே, ஆபிரகாம் அண்ணன் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். காகிதத்தில் எழுது. அக்கா பேரையே வேறு மாதிரி போட்டிருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். யாரையும் நினைக்காமல் ஏதோ ஒன்றைத் தட்டியிருந்தாலும் அதையே எழுது.

உன் காலடியில் பனி சறுக்காமல் இருக்கட்டும். நீ எந்தக் குறையும் இல்லாமல் இறங்கி வர வேண்டும். வந்தபிறகு தள்ளிவைத்த அந்த நலம் என்ற வரியை நானே உனக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் சின்னம்மா

பின்குறிப்பு: கவரின் மேல் முகவரி எழுதித் தந்தது ஆபிரகாம் அண்ணன். பட்டாளத்துக்குப் போகும் கடிதம், யார் அனுப்புவது என்று தெரியட்டும் என்று என் பேருக்குக் கீழே தாயார் என்று எழுதிவிட்டார். அடித்துத் திருத்தினால் தபாலில் எடுக்காமல் போய்விடுவார்களோ என்று அப்படியே விட்டுவிட்டேன்.