முன்வரிசை வெள்ளைக்காரிக்கு

கண்ணு,

போன வாரம் என் தங்கை மகள் தி. நகரில் ஒரு சலூனுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே காலை வைத்ததும் பிளீச் நெடி குப்பென்று ஏறியது. அவள் தலையைக் கழுவிய பெண் ஒரு குப்பியைக் கவிழ்த்தாள். உள்ளிருந்து கத்திரிக்காய் நிறத்தில் ஷாம்பூ இறங்கியது.

"இன்னாது இது?" என்றேன்.

"பிளீச் பண்ண முடி மஞ்சளடிக்கும் மாமா. இந்த ஊதாவைத் தேய்ச்சா மஞ்சள் அடங்கி சாம்பல் மாதிரி ஆயிடும். ஃபாரின்ல கண்டுபிடிச்சது" என்றாள் தங்கை மகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபாரினாம். பட்டினப்பாக்கத்தில், உன் வீட்டுக் குழாயடியில், உன் கால் கட்டைவிரல் கண்டுபிடித்தது அது. சொன்னால் அந்தச் சலூனில் யார் நம்புவார்கள்? நீயும் இல்லை இப்போது, சாட்சி சொல்ல.

தொண்ணூறுகளில் வடபழனி ஸ்டூடியோக்களில் நான் பொய்முடி வைக்கும் டோப்பா மாஸ்டர். நான் பஸ் ஏறினால் டிப்போ கண்டக்டர் டிக்கெட் கேட்க மாட்டார், அவ்வளவு மரியாதை. பம்பாயிலிருந்து நடிகைகள் விமானம் பிடித்து வந்து என்னிடம் தலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை நான் ஆரம்பித்தால் நீ முடிக்க விடமாட்டாய். "நைனா, ஏரோப்ளேன் எறங்கறதுக்கு எடம் உட்டு ரீல் உடு" என்பாய்.

நீ குரூப் டான்சர். எப்போதும் கடைசி வரிசை. ஒவ்வொரு படம் வந்ததும் உன் அம்மா மீன்கூடையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுத் தியேட்டருக்குப் போவார். திரும்பி வந்து, "எல்லாம் ஆடுதுங்க, நீ எங்கடி கீற?" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் உனக்குச் சிரிப்பு வராது. "ஒரு தபா எங்கம்மா என் மூஞ்சியப் பாத்துட்டா போதும் நைனா."

அந்த நேரத்தில்தான் அடையாறு பங்களா ஒன்றின் தோட்டத்தை வெளிநாடாக்கி ஒரு பாட்டு எடுக்க ஏற்பாடானது. முன்வரிசைக்கு ஒரு வெள்ளைக்காரி வேண்டும். உதவி இயக்குநர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "டோப்பா ஆட்டத்துல கழண்டுக்கும். சொந்த முடி வேணும். சாம்பல் கலந்த வெள்ளை. பித்தளையா வந்து நின்ன, பின்னாடி அனுப்பிடுவேன்."

முதல் பிளீச்சைக் கழுவினேன். புளி போட்டுத் துலக்கிய குடம்போல உன் தலை பளபளத்தது. உன் அம்மா வாசலில் வந்து பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். "இன்னாடி நோவு வந்துச்சி உன் தலைக்கு?"

நான் கலங்கவில்லை. எட்டாவது படித்தவன். எட்டாவதில் பாதி என்று நீ திருத்துவாய், போகட்டும். கறுப்பு முடி ஒரே பாய்ச்சலில் வெளுக்காது, முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகுதான் மஞ்சள். அவசரப்பட்டால் முடி கையோடு வரும். சில நாள் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, மறுபடி பிளீச் வைத்து, வாழைப்பழத் தோலின் உள்பக்க நிறம் வரும்வரை காத்திருந்தோம். வந்தது. ஆனாலும் அந்த வெளிர்மஞ்சள் போகவில்லை. வெயிலில் நின்றால் மறுபடி பித்தளைதான்.

"வேட்டி பழுப்படிச்சா சொட்டு நீலம் போட்றோம்ல? முடி மட்டும் இன்னா ஒசத்தி?" என்றாய். அந்த யோசனை என் மனதிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கெட்டில் நீலத்தைக் கலக்கி நீ தலையை முக்கி எடுத்தாய்.

பச்சை.

கோயில் குளத்துப் பாசி மாதிரிப் பச்சை. மஞ்சளில் நீலம் விழுந்தால் வேறென்ன வரும் என்று இன்றைக்குப் பேசலாம். அன்றைக்கு இரண்டு பேருக்கும் அது தெரியாது. மறுநாள் காலை படப்பிடிப்பு.

நீ குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முடியை முன்னால் போட்டு, ஷாம்பூ பாக்கெட்டுகளைக் கிழித்துக் கிழித்துத் தேய்த்தாய். பச்சை மெல்ல இறங்கி மஞ்சள் திரும்பியது. ஆட்டத்தில் உன் கால் கட்டைவிரல் நகம் பிளந்து, அதில் ஊதா மருந்து அப்பியிருந்தது. வாய்ப்புண்ணுக்குத் தடவுவார்களே, அதே மருந்து. ஈர முடியின் நுனி அந்த விரல்மேலேயே கிடந்தது.

"நைனா, இங்க பாரு" என்றாய். குரல் மாறியிருந்தது.

நுனியை விரித்துக் காட்டினாய். விரலை ஒட்டிய முடி திட்டாய் ஊதா. ஆனால் அதைச் சுற்றித் தண்ணீரில் மருந்து கரைந்து பட்ட இடத்தில் மஞ்சளும் இல்லை, ஊதாவும் இல்லை. அடுப்புச் சாம்பல்மேல் நிலா விழுந்த மாதிரி ஒரு வெள்ளை. நான் மருந்துக் கடைக்கு ஓடிய ஓட்டத்தை அந்தத் தெரு இன்னும் பேசும். ஒரு பக்கெட் தண்ணீருக்குச் சில சொட்டு மட்டும். முக்கினாய், எடுத்தாய். பித்தளை செத்துப்போனது.

மறுநாள் உதவி இயக்குநர் உன் பக்கம் குனிந்து, "மேடம், ப்ளீஸ், லிட்டில் லெஃப்ட்" என்றார்.

"இன்னா சார், நேத்து வரைக்கும் எருமன்னு கூப்ட்ட. இன்னிக்கி மேடமா?"

அவர் கையிலிருந்த டீ கீழே போனது. காமிராக்காரர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசை, நட்டநடு இடம். முகம் மட்டும் தனியாக ஒரு ஷாட்.

படம் வந்ததும் உன் அம்மாவை நடுவில் உட்காரவைத்து நாம் மூவரும் பார்த்தோம். திரை முழுக்க உன் முகம். நான் திரையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தேன். பாட்டு முடிந்தது. அவர் உன் தொடையில் தட்டினார்.

"அந்தத் தொரசானி சோக்கா ஆடுச்சி. நீ எங்கடி நின்ன?"

"நான்தாம்மா அது."

"போடி" என்று சிரித்தார். கடைசி வரை அவர் நம்பவில்லை. நீயும் அதன்பிறகு பிளீச்சைத் தொடவில்லை. தலையை அட்டக் கறுப்பாகவே வைத்துக்கொண்டாய்.

உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த அன்று நான் வந்தேன். நோயில் படுத்தபின் சாயம் பூச ஆளில்லையாம். ஸ்டூடியோவிலிருந்து வந்தவர்கள், "வீடு மாறி வந்துட்டமா? யாரோ வயசான அம்மாவால்ல கீது?" என்று கிசுகிசுத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். சாம்பல் கலந்த வெள்ளை. பித்தளை ஒரு துளி இல்லை. பிளீச் இல்லாமல், நீலம் இல்லாமல், அந்த நிறம் தானாக வந்து உன் தலையில் உட்கார்ந்திருந்தது.

"அவதான்" என்றேன். அந்தக் கூட்டத்தில் உன்னைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். இதில் ரீல் இல்லை, கண்ணு.

அன்றோடு நானும் சாயத்தை விட்டேன். என் நரை பழுப்பு கலந்து வருகிறது. வாரம் ஒருமுறை குளிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டு ஊதா விட்டு அலசுகிறேன். தலையோடு நிற்காமல் கொஞ்சம் கை நகத்திலும் ஒட்டிக்கொள்கிறது. கையில் என்ன காயம் என்று கேட்கிறார்கள். கையில் இல்லை, கால் கட்டைவிரலில் என்கிறேன்.