வாலாட்டி இன்னும் வீடு வரவில்லை

டர்பன்
6 மார்ச் 1999

ஜோபே குலத்து நொமகுகு அக்காவுக்கு,

என் பெயர் வுக்கானி மஜோலா. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலை. மின்னணுவியல் பட்டயம் படித்தவன். நலம் விசாரித்து எழுதத் தெரியாது. நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஜூனில் ஜெர்மிஸ்டன் தொழிலாளர் விடுதி முற்றத்தில் உங்கள் அப்பா கடைசியாகக் கிட்டார் வாசித்தபோது ஒலி மேசையில் இருந்தவன் நான்தான். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. இது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று: அந்த மூன்று பாட்டும் ஒலிநாடாவில் என்னிடம் இருக்கின்றன.

ஜூலை 24 அன்று உம்லாசி விளையாட்டுத் திடலில் அவருக்கு நினைவு விழா எடுக்கிறோம். அன்றைக்கு அந்த நாடாவைப் பெரிய பெட்டிகளில் போடப் போகிறேன். கடைசிப் பாட்டின் நடுவில், விரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு விடாமல் தன் மெய்க்கீர்த்தியைச் சொல்வாரே, அது ஒரு எழுத்து சிதையாமல் பதிவாகியிருக்கிறது. கிட்டார் பிடித்தவன் எல்லாரும் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்கிறவன்தான். ஆனால் "கூப்டீங்க, வந்துட்டேன்!" என்று உங்கள் அப்பா, எங்கள் வாலாட்டிக் குருவி, முடித்ததும் கூட்டம் "ஜோபே!" என்று கத்துமே, அந்தச் சத்தத்தில் என் அளவுமானி முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

எங்கள் ரசிகர் குழுவில் அவரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை. டால்ட்டன் விடுதியில் மின்சாரம் போன அன்று வெறும் கிட்டாரோடு வாசித்தாராம். பலகைத் தரை கிறீச்சிடக் கூடாது என்று கூட்டம் மொத்தமும் செருப்பைக் கழற்றியதாம். நான் பார்த்தது வேறு. பாட்டுக்கு நடுவே மெல்லிய தந்தி அறுந்தது. நிறுத்தவில்லை. அந்தத் தந்தி பேச வேண்டியதை வாயால் பாடி முடித்தார். அடுத்த வாரம் உம்லாசியில் பாதி இளவட்டங்கள் ஐந்து தந்தி கிட்டாரோடு திரிந்தார்கள். முட்டாள்தனம்தான். அதில் நானும் ஒருவன்.

உங்கள் அனுமதி வேண்டும். நீங்களும் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள், சுவரொட்டி அச்சுக்குப் போக வேண்டும்.

வுக்கானி

---

துகேலா ஃபெர்ரி
19 மார்ச் 1999

தம்பி வுக்கானிக்கு,

டாக்சி வேன் ஓட்டும் கொன்சானி உன் கடிதத்தைக் கொடுத்தபோது கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். என் கோழிகளே உன்னைவிட மரியாதையாக நலம் விசாரிக்கும். இருந்தாலும் செருப்புக் கதையை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை சிரித்தாள். துக்கத்துக்குக் கறுப்புத் துணி உடுத்தியதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காக உனக்கு நன்றி.

நாடாவைப் போடாதே.

காரணம் உனக்கே தெரிந்திருக்க வேண்டும். உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். ஆனால் அவர் விழுந்த இடத்துக்கு யாரும் ஆவியை ஏற்றிவர இலந்தைக் கிளையோடு போகவில்லை, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிடவில்லை. அப்பா இன்னும் அந்த விடுதி முற்றத்தில்தான் நிற்கிறார். வீட்டார் அழைப்பதற்கு முன் ஒரு விளையாட்டுத் திடலில் அவருடைய குரலே "கூப்டீங்க, வந்துட்டேன்" என்று சொன்னால் அவர் எங்கே போவார், சொல்லு.

போய்க் கூப்பிட வேண்டியவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா பெக்குமுசி. அவர் மாட்டேன் என்கிறார். அவர்களுடைய அம்மாவைப் புதைத்த அன்று அப்பா டர்பனில் ஒரு கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். மண் மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தார். "பெத்தவளுக்கு ஒரு பிடி மண்ணு போட வரல. கிட்டாருதான அவன இழுத்துட்டுப் போச்சு, அதுவே கூட்டிட்டு வரட்டும்" என்கிறார் பெரியப்பா. இந்த வீட்டில் வேறு ஆண் இல்லை.

அவர் வந்து சேரும்வரை அம்மா கறுப்பைக் களைய மாட்டாள். அதனால் பொறு. பொறுப்பது உனக்கு வராது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அன்புடன்
நொமகுகு

---

டர்பன்
11 ஏப்ரல் 1999

அக்காவுக்கு,

நலமா? (கேட்டுவிட்டேன்.)

ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் மேல் பூசிய இரும்புத் துகள். அதில் யாரும் குடியிருக்கவில்லை. இதை உங்களுக்கு எழுத நினைத்திருந்தேன், இப்போதும் அதையேதான் நினைக்கிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விடுவது பொய் என்பதால் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை உம்லாசியில் எங்கள் குழு கூடியது. கார் கழுவும் இடம் ஒன்று இருக்கிறது, அதன் முற்றத்தில்தான் கூடுவோம். விழாவுக்கான பெட்டிகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. எந்த நாடாவைப் போட்டும் சோதிக்கலாம். நான் அந்த நாடாவைப் போட்டேன். விழா அன்றுதானே வேண்டாம் என்றீர்கள், இது சோதனைதானே என்று நினைத்தேன்.

தெருவே நின்றுவிட்டது. கார் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றார்கள். மெய்க்கீர்த்தி வந்தது. "வந்துட்டேன்!" என்று அவர் முடித்ததும், பழக்கதோஷம், எல்லாரும் சேர்ந்து "ஜோபே!" என்று கத்திவிட்டார்கள். நானும் கத்தினேன்.

அப்புறம்தான் மாங்கெமா அம்மா, இங்குள்ள விடுதி வாசலில் சோளக்கதிர் அவித்து விற்கிறவர், என் சட்டையைப் பிடித்தார்.

"டேய், அவர வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போயாச்சா?"

"இல்லம்மா."

"இல்லன்னு தெரிஞ்சுமா போட்ட? அவரு சொன்னாரு, நாங்க பதில் சொல்லிட்டோம். இப்ப எங்கடா நிக்கிறாரு? கார் கழுவுற எடத்துலயா?"

"அம்மா, அது வெறும் நாடா."

"வெறும் நாடாவுக்கா நீ அந்தக் கத்து கத்துன?"

பெட்டிகளைக் கழற்றிவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

வுக்கானி

---

துகேலா ஃபெர்ரி
25 ஏப்ரல் 1999

வுக்கானிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே கொன்சானி வேனில் சேதி வந்துவிட்டது. அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பெரியப்பா சிரித்தார். "பாத்தியா, செத்தும் ஊர் சுத்துறான். ஜெர்மிஸ்டனுக்குப் போகவா, உம்லாசிக்குப் போகவா? இருக்குற எடமே தெரியாதவனை எவன் போய்க் கூப்பிடுவான்?" என்றார். முன்பாவது என்றைக்காவது மனம் மாறுவார் என்று இருந்தேன். இப்போது அவருக்கு மறுக்க ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது, நீ கொடுத்தது.

சுவரொட்டியில் எங்கள் குடும்பத்தின் பெயரைப் போடாதே. எனக்கு எழுதவும் வேண்டாம்.

நொமகுகு

---

டர்பன்
30 ஏப்ரல் 1999

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கோழிக்கூட்டில் விரித்துவிடுங்கள்.

விழா நிற்கிறது. வாலாட்டி வீடு போய்ச் சேராமல் விழா இல்லை. குழுவில் நான்தான் முதலில் சொன்னேன், யாரும் எதிர்க்கவில்லை. பிறகு ராத்திரிச் சோறு ஆறும்வரை ஒரே சண்டை, இனி என்ன என்று. ஜெர்மிஸ்டனில் இருக்கிறாரா, உம்லாசியிலா என்று ஆள் ஆளுக்கு வாதம். கடைசியில் மாங்கெமா அம்மா மேசையைத் தட்டினார். "ரெண்டு எடத்துக்கும் போங்களேன்டா. அந்த மனுசன் என்னைக்கு நேர் வழியில வீட்டுக்குப் போனாரு?"

ஆகவே வழி இதுதான். முதலில் ஜெர்மிஸ்டன், அங்கிருந்து உம்லாசி, அங்கிருந்து உங்கள் வீடு. கொன்சானியிடம் பேசிவிட்டேன். வேனில் அப்பாவுக்கு ஒரு இருக்கை காலியாக விட்டு வருவான்.

கிளையை யார் பிடிப்பது? ரத்த உறவு வேண்டும், அதனால் நாங்கள் யாரும் முடியாது. உங்கள் பெரியப்பா மாட்டார். மிச்சம் யார்? நீங்கள்தான். பெண் என்று சொல்வார்கள். சொல்லட்டும். "இந்தக் கிட்டாருக்குப் புதுத் தந்தி மாட்டுறது என் மக" என்று உங்கள் அப்பா மேடையில் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! ஊர் அறிய அவர் எடுத்துச் சொன்ன பிள்ளை நீங்கள் ஒருவர்தான். கூப்பிட்டால் உங்கள் குரலுக்கு வர மாட்டாரா?

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், தெரியாது. ஆனால் தப்பான கம்பியை இணைத்தவன் நான். சரியாக இணைக்காமல் விட மாட்டேன்.

நீங்கள் கிளம்பக் கொன்சானி குறித்த நாளன்று மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கல்யாணத்துக்கு நான் ஒலி கட்ட வேண்டும், முன்பே ஒத்துக்கொண்டது. வர முடியாது. மற்றவர்கள் உம்லாசியில் இருப்பார்கள்.

வுக்கானி

---

துகேலா ஃபெர்ரி
7 ஜூன் 1999

அன்புள்ள தம்பி வுக்கானிக்கு,

அப்பா வந்துவிட்டார்.

முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன், உனக்காக. இனி என் வழியில் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

கிளையைப் பிடித்தவர் அப்பாவைத் தவிர வேறு யாரோடும் பேசக் கூடாது. உனக்கு வாய்க்காமல் போன வேலை. ஜெர்மிஸ்டன் தாண்டும் முன்பே நீ கெடுத்திருப்பாய். அந்த முற்றத்தில் நின்று, "அப்பா, நொமகுகு வந்திருக்கேன். கெளம்புங்க" என்றேன். வழி முழுக்க அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்: இது ஹைடெல்பர்க், இது மலை இறக்கம், கொன்சானி வேகமா ஓட்டுறான், பயப்படாதீங்க.

உம்லாசியில் கார் கழுவும் இடத்துக்கு வெளியே தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. மாங்கெமா அம்மா யாரென்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றதிலேயே தெரிந்துகொண்டேன். நான் இறங்கி, "அப்பா, இங்க வந்திருந்தீங்கன்னா இதுல ஏறிக்கோங்க. இனிமே வேற எங்கயும் நிக்க மாட்டோம்" என்றேன். வேன் கிளம்பியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை.

துகேலாப் பாலத்தில் வளைவு இருக்கிறதே, அங்கேதான் பக்கக் கண்ணாடியில் கண்டேன். எங்களுக்குப் பின்னால் வேன்கள், கார்கள், ஒரு காய்கறி லாரி. பட்டப்பகலில் எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. யாரும் அவர்களை அழைக்கவில்லை. "அப்பா, பின்னாடி பாருங்க" என்றேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாதே.

பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். சண்டைக்குத்தான் நின்றார், தடி கையில் இருந்தது. கிளை என் கையில் இருப்பதைப் பார்த்தார், பிறகு மலைப்பாதையில் இறங்கி வரும் விளக்குகளைப் பார்த்தார்.

"யாரு இவங்கல்லாம்?"

நான் பேசக் கூடாது. கொன்சானிதான் சொன்னான். "பெரியவரே, உங்க தம்பியோட ஆளுங்க. ஜோபே, இது பூரா உங்க வீட்டுக்கு வந்த கூட்டம்."

பெரியப்பா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார். வரவேற்பைச் சொல்வது வீட்டின் மூத்தவர் வேலை. குலத்தின் மெய்க்கீர்த்தியைத் தொடங்கினார். முன்னோர் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. தாத்தா வரை வந்தார். அடுத்தது அப்பா.

"வெலாபி சித்தோலே," என்றார். "என் தம்பி வெலாபி..."

நின்றுவிட்டார். அவருக்குத் தெரியவில்லை, வுக்கானி. தம்பி வாசித்து ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே. எனக்குத் தெரியும், ஆனால் நான் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அப்பாவைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்க முடியாது. அம்மாவும் கறுப்பில் இருந்தாள், அவளும் குரலெழுப்பக் கூடாது. ஒரு மனிதனை வாசல் வரை கொண்டுவந்துவிட்டு, அவன் யாரென்று சொல்ல ஆளில்லாமல் நின்றோம்.

அப்போது வேலிக்கு வெளியே மாங்கெமா அம்மா தொடங்கினார், அப்பாவின் அதே வேகத்தில். "மாட்டுக் காலுக்கு நடுவுல நடந்தும் மிதிபடாத வாலாட்டி!" அடுத்த அடிக்கு எல்லாக் குரலும் சேர்ந்துகொண்டன. "சித்தோலே வீட்டுப் பிள்ள! ஜோபே குலத்துக் கன்னு! துகேலாத் தண்ணி குடிச்சவன், துகேலாவத் தாண்டிப் பேரெடுத்தவன்!" எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே வாங்கினார்கள். ஒரு சொல் பிசகவில்லை. பெரியப்பா ஒவ்வொரு அடியையும் அவர்களிடமிருந்து கேட்டுக் கேட்டு, கிளையைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். முடியும்போது அவர் குரல்தான் எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்டது.

கிளை இப்போது பெரிய குடிலின் உட்சுவர் ஓரம் இருக்கிறது. அம்மா கறுப்பைக் களைந்துவிட்டாள். வந்த கூட்டத்துக்கு அறுத்த ஆடு போதவில்லை, என் கோழிகளில் பாதி போயிற்று. அதற்கு நீதான் பொறுப்பு. கள் குடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்டிருக்கிறார். பெரியப்பா அவரிடம், "உங்க வீட்டுல மந்திரியா இருந்தவன் செத்தான். பகல்ல வெளக்குப் போட்டு எவனாவது வந்தானா?" என்றார். அப்படியொரு திமிரை இந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு, அவர் உள்ளேதானே இருக்கிறார் என்று நினைவு வந்தது.

விழாவை வை. நாடாவையும் போடு. உன்னிடம் இருப்பதிலேயே பெரிய பெட்டிகளில்.

அக்கா
நொமகுகு

---

டர்பன்
13 ஜூன் 1999

அன்புள்ள நொமகுகு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குழுவில் மேசைமேல் ஏறி வாசித்தேன். கோழி வரியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி நிறையக் குஞ்சுகள் அனுப்புவதாக மாங்கெமா அம்மா சொல்லச் சொன்னார். மாரிட்ஸ்பர்க் கல்யாணத்தில் கட்டிய ஒலி நன்றாக இருந்தது. அந்தக் கல்யாணத்தை நான் என்றைக்கும் மன்னிக்கப் போவதில்லை.

விழா ஜூலை 24, சொன்ன தேதியில்தான். ஆனால் திட்டத்தை மாற்றிவிட்டேன். நாடாவைப் போடப் போவதில்லை. அதைக் கொன்சானியிடம் கொடுத்திருக்கிறேன், அம்மாவுக்கு; வேண்டும்போது வீட்டில் போட்டுக் கேட்கட்டும்.

மேடையில் நீங்கள் வாசிக்கிறீர்கள். கேட்கவில்லை, சொல்கிறேன். தந்தி மாட்டியதும் நீங்களே வாசித்துப் பார்த்துத்தான் அப்பாவிடம் கொடுப்பீர்கள் என்று கொன்சானி சொல்லிவிட்டான். அப்பாவின் கிட்டார், அப்பாவின் பாட்டு. நடுவில் உங்கள் மெய்க்கீர்த்தியை நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாட்டில் மட்டும் அப்பா தன் மெய்க்கீர்த்தி சொல்லும் இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் ஓட விடுங்கள்.

கடையில் இருக்கும் நல்ல மைக்குகளில் ஒன்று உங்கள் கிட்டாருக்கு. மற்ற எல்லாவற்றையும் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைக்கிறேன். பெரியப்பாவுக்கு முன்வரிசையில் ஒன்று தனியாக. எவ்வளவு உயரத்தில் நிறுத்த வேண்டும் என்று அவரை அளந்து எழுதுங்கள்.

வுக்கானி