உனக்கு ஆபரேஷன் என்று சொன்னேன்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்தத் தடவை கேட்கவே கை கூசுகிறது. நீ நன்றாக இருப்பது தெரிந்தே உனக்கு ஆபரேஷன் என்று சொல்லி வைத்தவன் நான். போன வாரம் அம்மா போன் செய்து, ஒண்ணுமில்ல, சும்மா உன் குரல் கேக்கணும்போல இருந்துச்சு என்று சொல்லிவிட்டு வைத்தாளே, அது சும்மா இல்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

நம் பல் டாக்டர் தன் பாய்மரப் படகில் அந்தத் தீவுக்குப் போவதும் கூட நான் போவதாக இருந்ததும் உனக்குத் தெரியும். உனக்கு மட்டுமா, நான் சொல்லாத ஆள் யார் இருக்கிறார்கள். பஸ் ஓட்டுவதை விட்டு ஓய்வு பெற்றதிலிருந்து ஹாலில் கடல் வரைபடத்தை மாட்டி வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அந்தத் தீவு இருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். வாரக்கணக்கில் கரையே தெரியாது, நட்சத்திரம்தான் துணை என்று நான் அளந்ததைக் கேட்க, முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு ஆளை உட்கார வைத்துவிடுவார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் போனோம், டாக்டரும் அவர் மனைவியும் நானும். துறைமுகச் சுவரைத் தாண்டும் வரை நான்தான் பாடிக்கொண்டு வந்தேன். பிறகு கரை மறைந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுமே இல்லை பாப்பா. வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் ஓரங்கட்டிப் பழகினவனுக்கு, இங்கே நிறுத்துவதற்கு ஓரமே இல்லை என்று தோன்றிவிட்டது. கீழே அறைக்குள் போய் மேசைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், வயிறு சரியில்லை என்றேன். திரும்பி வரும்வரை அவர்கள் இருவரும்தான் மாறி மாறி ஓட்டினார்கள்.

பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் டாக்டர் கிளம்பும் தேதியைச் சொன்னபோது, மகளுக்கு ஆபரேஷன், நான் போயாக வேண்டும் என்று வாய் தானாகச் சொன்னது. அவர் என் தோளில் கை வைத்து, பொண்ணு முதல்ல நல்லாகட்டும், தீவு எங்க ஓடிப்போகுது, நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கோம் என்றார். சாதகமான காற்று வீசும் காலம் கொஞ்சம்தான், அதை எனக்காக இழக்கிறார் என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

டாக்டர் மனைவி காய்கறிக் கடையில் அம்மாவின் கையைப் பிடித்து, பொண்ணு எப்படி இருக்கா, தைரியமா இருங்க என்று சொல்லியிருக்கிறார். அம்மா பையை அங்கேயே போட்டுவிட்டு, செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் ஓடி வந்தாள். என் பாப்பாவுக்கு என்னாச்சு, எங்கிட்ட ஏன் மறைச்சீங்க என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். உண்மையைச் சொன்னேன். அதை நம்பாமல்தான் உனக்குப் போன் செய்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள் பார், நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க என்றாள், அவ்வளவுதான்.

கிளினிக்கில் ஒருவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். வெளியே காத்திருந்தால் ஓடிவிடுவேன் என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். டாக்டர் முகமூடியைக் கழற்றினார். பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பேன், இப்ப சிரிக்கக்கூட முடியலையே என்றார். நாற்காலிக்காரர் வாயை மூடவே இல்லை.

அன்று மாலை டாக்டர் மனைவி அம்மாவைப் பார்க்க வந்தார். மூன்றாவது ஆள் இல்லாமல் கிளம்ப முடியாது என்று வருத்தப்பட்டபோது, அப்ப நான் வரட்டுமா என்று கேட்டாள் உன் அம்மா. நான் விளையாட்டு என்று நினைத்தேன். படகில் போவதற்காக நான் வயர்லெஸ் பரீட்சைக்குப் படித்தபோது புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவள் அவள்தான், முழுவதும் அவளுக்கு மனப்பாடம். அவர்கள் அவளை வெள்ளோட்டம் கூட்டிப் போனார்கள். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து, முடியெல்லாம் உப்பாக, நான் பார்த்தே இராத ஒரு முகத்தோடு இறங்கி வந்தாள். சுக்கானைக் கையில குடுத்தா திருப்பித் தரமாட்டேங்கறாங்க என்று டாக்டர் சொன்னார். அந்த வரைபடத்துக்கு எதிரேதான் அவள் தினமும் துணி மடிப்பாள். நீயும் வர்றியா என்று ஒரு தடவையாவது கேட்டேனா. பொய் சொன்ன வெட்கத்தைவிட இந்த வெட்கம் பெரிதாக இருக்கிறது. முடிவெட்டக்கூடப் போகவில்லை, தலை காடாகக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். அதற்குள் அம்மாவிடம் பேசு, பயமுறுத்தி எதுவும் சொல்லாதே. என் மேல் கோபப்படு, நியாயம்தான். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நோய் நொடி உங்கள் இருவர் பக்கமே வராமல் நூறு வயது இருக்க வேண்டும், நான் சொன்ன அச்சானிய வார்த்தை என்னோடு போகட்டும். மறக்காமல் ஒன்று செய். படகிலிருந்து அவ்வப்போது சாட்டிலைட் போனில் பேச முடியுமாம். உன்னிடம் கட்டாயம் பேசுவாள். என்னிடமும் பேசுவாளா என்று கேட்டுச் சொல், எனக்குக் கேட்க முகமில்லை.

இப்படிக்கு,
கரையில் இருக்கும் உன் அப்பா