பத்துப் பேர் வேண்டிய படகு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். இங்கே போனில் சிக்னல் கிடையாது, நீ எப்படியிருக்கிறாய் என்று கேட்டால் பதில் வர அடுத்த வாரப் படகு வேண்டும், அதனால் நீயும் நன்றாக இருக்கிறாய், காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். நீ சீட்டு எடுத்து அனுப்பி வைத்த தீவிலிருந்துதான் எழுதுகிறேன். நாளை வியாழக்கிழமை, நாங்கள் திரும்ப வேண்டிய நாள். ஆனால் நாளை இந்தக் கடிதம் மட்டும்தான் படகேறும். ஏன் என்று சொல்கிறேன், முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் இந்த இடத்தைச் சொல்ல வேண்டும். காலையில் கண் விழித்தால் ஜன்னலில் கடலும் இல்லை, வானமும் இல்லை, வெறும் மூடுபனி. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து ஒரு பாறை, பிறகு கலங்கரை விளக்கம், பிறகு ஒரு ஆடு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும், யாரோ யோசித்து யோசித்து உண்டாக்குவது போல. இருபத்திரண்டு வருடம் பொத்தான் துளை போடும் மெஷின் சத்தத்திலேயே இருந்த காதுக்கு முதல் இரண்டு நாள் இந்த அமைதி வலித்தது, இப்போது தூங்குவதும் விழித்திருப்பதும் ஒரே மாதிரி இருக்கிறது. அப்பா கலங்கரை விளக்கத்தின் நூற்று நாற்பத்து மூன்று படியும் ஏறினார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டுல எத்தனை பேரை மேல அனுப்பியிருப்பேன், இப்ப நான் போற போக்கைப் பாரு என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். தெற்குப் பக்கம் வெள்ளைப் பறவைகள் கூடு கட்டாமல் வெறும் கல்லிலேயே முட்டையிடுகின்றன, அங்கே காலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். அவற்றை எண்ணிக் குறிக்கிற வேலையில் ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான், ஏழு மாதக் கர்ப்பம். அவள் குனிந்து எண்ணும்போதெல்லாம் எனக்குத்தான் பதறும். முன்பு தொற்றுநோய் பரவிய காலத்தில் கப்பலில் வந்தவர்களை இங்கே நாற்பது நாள் நிறுத்தி வைப்பார்களாம், அவர்கள் தங்கிய நீளமான கல் கட்டிடத்தை அவள்தான் கூட்டிப்போய்க் காட்டினாள். கூரை போய்விட்டது. சுவர் முழுக்க ஆணியால் கீறிய கோடுகள், நாளுக்கு ஒன்று. ஓரிடத்தில் முப்பத்தொன்பது கோடு, பக்கத்தில் ஒரு குழந்தையின் பாதத்தை வைத்துச் சுற்றி வரைந்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன், வெயில் ஏறிச் சூடாக இருந்தது. அன்று முழுக்க உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது போலவே இருந்தது.

இனி என் தப்பு. படகுத்துறை அறையில் தபால், சீட்டு, பதிவேடு எல்லாவற்றுக்கும் ஒருத்திதான், எதைக் கண்டாலும் முத்திரை குத்துவதால் எல்லோரும் முத்திரையக்கா என்கிறார்கள். நாங்கள் இறங்கியபோது அவள் மூட்டைகளை இறக்க வெளியே போயிருந்தாள். மேசையில் இரண்டு பதிவேடு. எதில் எழுதுவது என்று போய்க் கேட்க எனக்குக் கூச்சம், அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, திறந்திருந்ததில் இரண்டு பேர் பெயரையும் எழுதி, வீடு என்ற கட்டத்தில் பழைய பள்ளிக்கூடத்துப் பக்கத்து அறை என்றும் எழுதிவிட்டு வந்தேன். அது இங்கேயே குடியிருப்பவர்களின் பதிவேடு. நேற்று அதைத் தூக்கிக்கொண்டு அறைக்கே வந்துவிட்டாள். என்னக்கா, குடியேறிட்டீங்களா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசலையாவது பெருக்கி வெச்சிருப்பேனே என்று கேலி வேறு. தெரியாம எழுதிட்டேம்மா, அடிச்சிடு என்றேன். பேனாவை எடுத்தவள் மூடியைக் கழற்றாமலே நின்றாள். பிறகுதான் சொன்னாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆள் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வருவாராம், இன்னும் ஐந்து வாரத்தில் வருகிறாராம். அன்றைக்கு முப்பது நாளாவது இங்கே தங்கியவர்கள் பத்துப் பேர் இருந்தால் படகு வாரம் ஒருமுறை, குறைந்தால் மாதம் ஒருமுறை. இப்போது இருப்பது எட்டுப் பேர். வயித்துல இருக்கறதைக் கணக்குல சேர்க்க மாட்டாங்களாம்க்கா, மாசத்துக்கு ஒரு படகுன்னா அந்தப் பறவை எண்ணுற பொண்ணு இங்க எப்படி இருப்பா, அவளும் புருஷனும் கிளம்பிடுவாங்க, அப்புறம் நாங்க ஆறு பேர் என்றாள். இருங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. உங்க பொண்ணு லீவுல வர்ற நேரமாமே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பாவிடம் கேட்டேன். எழுதினவ நீ, அடிக்கிறதும் விடறதும் உன் பாடு, என்னை இழுக்காதே என்று திரும்பிப் படுத்துக்கொண்டார், ஆனால் தூங்கவில்லை. இன்று காலை நானாகவே துறைக்குப் போனேன். அடிக்க வேணாம்மா, கணக்கு முடியுறவரைக்கும் நாங்க இருக்கோம் என்று சொன்னேன். முத்திரையக்கா பதிவேட்டை இழுத்து எங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் முத்திரை குத்தினாள். இப்போது என் பெயர் பொய்யில்லை.

ஆனால் உனக்கு மூன்று வாரத்தில் பத்து நாள் விடுப்பு. இரண்டு வருடம் கழித்து வருகிறவளுக்கு வீடு பூட்டிக் கிடக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். முடிந்தால் அந்தப் பத்து நாளை இங்கே கொண்டு வா கண்ணு. முடியாவிட்டால் உன்னைப் பார்க்காத வருத்தத்தை நான்தான் சுமக்க வேண்டும், சுமப்பேன், பெயரை மட்டும் அடிக்க மாட்டேன்.

நோய் நொடி இல்லாமல், மனதில் நினைத்தது கைகூடி நல்லபடியாக இரு. வந்தால் கம்பளிச் சட்டை எடுத்து வை, காற்று பொல்லாதது. அந்தக் கரையிலிருந்து படகு காலை ஏழு மணிக்கு, படகுக்காரர் யாருக்காகவும் நிற்க மாட்டார். எந்த வியாழன் என்று எழுத நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லா வியாழனும் துறையில் நிற்பேன்.

உன்
அம்மா