கேட்டவர்கள் வந்து உட்கார வேண்டும்

நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று உன் அம்மா கடைசிவரை வருத்தப்பட்ட என் சுந்தருக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. மீரா டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணிவிட்டாள். உன் காரைத்தான் எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொள் என்றால் கேட்பதில்லை. நீ வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்து ஓட்டுகிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டுவதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

உனக்குத் தெரியுமா, ஹூஸ்டனை ஒட்டிய இந்தப் பேர்லேண்டில் நீ இப்போது பெரிய மனிதன். உயிரோடு இருந்தபோது உன்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிய அதே கூட்டம்தான். நீ போன அன்று என் போனில் கும்பிடு போடும் பொம்மைக் கைகள் வந்து குவிந்தன. யார் எந்தக் கிழமை சாப்பாடு தருவது என்று ஒருத்தி ஆன்லைனில் பட்டியல் போட்டாள். மூன்று வாரம் சாம்பார் சாதம். அலுமினிய டிரேயை வாசலில் வைத்து, பெல்லை அடித்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் காரில் ஏறிவிடுவார்கள். காருக்குள்ளிருந்து மெசேஜ் வரும், டேக் கேர் என்று. நம் கோவில்பட்டிப் பக்கம் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருகிறவர்கள் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். இங்கே பெரிய சோஃபா இருக்கிறது, உட்காரத்தான் ஆள் இல்லை.

இவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்ததை நான் மறக்கவில்லை. ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், கிரீன் கார்டு வந்த கையோடு அதை உதறிவிட்டு மொழியியல் படிக்கப் போனாய். மெலனீசியாவில், வனுவாட்டு நாட்டின் ஒரு கோடித் தீவில், அதுவரை யாரும் எழுதி வைக்காத ஒரு மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதப் போகிறேன் என்றாய். வருஷத்தில் நாலு மாதம் அங்கே. மீதி மாதமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே வாக்கியத்தை முப்பது தடவை கேட்டு எழுதிக்கொண்டிருந்தாய்.

அந்தத் தீபாவளிப் பார்ட்டி ஞாபகம் இருக்கிறதா? சாப்பிடப் போகிற தேங்காய் என்றால் அதை 'என்னுடையது' என்று சொல்ல அங்கே ஒரு சொல், குடிக்கப் போகிற இளநீர் என்றால் வேறு சொல் என்று கண் பளபளக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். நம் தமிழ்ச் சங்கத் தலைவர் மாணிக்கம் அங்கிள் கையில் சமோசாவோடு கேட்டார். "மொத்தமே ஒரு கல்யாண மண்டபத்துல அடங்கற ஜனம். இதுக்கு கிராமர் எழுதி என்னப்பா பண்ணப் போற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறைக்க என்ன இருக்கிறது, நானும் அவர்களில் ஒருத்திதான். ஆபீஸில் கேட்டால், வீட்டுக்காரர் டேட்டா ரிசர்ச் பண்ணுகிறார் என்பேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பிறர் வேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. உன் வேலையில் யாரும் கேட்காமலே கண்டுபிடித்தேன்.

ரூத்தைப் பற்றி நீ சொன்னதைக்கூட அரைக் காதில்தான் கேட்டிருக்கிறேன். உன்னை அண்ணனாக ஏற்றுக்கொண்டவள், தன் வீட்டுப் பக்கத்திலேயே உனக்குக் குடிசை போட்டுக் கொடுத்தவள், அகராதியில் பாதி அவள் வாயிலிருந்து வந்தது. படகு கவிழ்ந்து அவள் மகன் இறந்தபோது நீ அங்கே இருந்தாய். அவள் பாடி அழுததை அவள் சம்மதத்தோடு பதிவு பண்ணினாய், அன்றாடப் பேச்சில் இல்லாத பழைய சொற்கள் அதில் இருக்கின்றன என்று. சொற்களைப் புத்தகத்தில் எழுதிக்கொள், குரலை மட்டும் யாருக்கும் போட்டுக் காட்டாதே என்றாளாம். அந்த டிஸ்க்கில் பச்சை டேப் ஒட்டி, 'போடக் கூடாது' என்று தமிழில் எழுதி வைத்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. உன் விஷயத்தில் எதைத்தான் ஏன் என்று கேட்டேன்?

நீ போன மூன்றாவது வாரம் மாணிக்கம் அங்கிள் வந்தார். சங்கத்தின் சார்பில் அஞ்சலிக் கூட்டமாம். 'கடல் கடந்து தமிழ் கண்டவர்' என்று பேனருக்கே ஆர்டர் கொடுத்தாயிற்றாம். போனால் போகிறதென்று நீ எப்போதோ அவருக்குக் கொடுத்த சொற்பட்டியலில் நாலு சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். அந்தத் தீவுக்காரர்கள் ஆதியில் நம்மவர்களாம். மீதிச் சொற்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று அவருக்குக் கவலையில்லை. வீடியோவில் சேர்க்க நீ பதிவு செய்ததில் உருக்கமாக ஏதாவது வேண்டும் என்றார்.

இத்தனை வருஷத்தில் உன் வேலையிலிருந்து ஒன்றைக் கொடு என்று கேட்ட முதல் ஆள். நான் குளிர்ந்துபோனேன், சுந்தர். உன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மீன்களின் பெயர்கள், உறவுமுறைகள், கிழங்கு நடுவதைப் பற்றி ஒரு கிழவரின் நீளப் பேச்சு. இதெல்லாம் இவர்களை அசைக்காது என்று தோன்றியது. கடைசியில் பச்சை டேப். அவள் முதல் மூச்சு இழுத்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடாது என்று தெரிந்தேதான் காப்பி பண்ணிக் கொடுத்தேன். உன்னைக் கேலி பண்ணின வாய்களை ஒரு நிமிஷமாவது அடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடைத்தது, வடையால்.

சனிக்கிழமை மத்தியானம், ஹால் நிறையக் கூட்டம். ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து இழுத்ததில் நேரமாகிவிட்டது. பசிக்குமே என்று வீடியோ ஓடும்போதே பஃபேயைத் திறந்துவிட்டார்கள். ரூத் தன் பிள்ளையைக் கூப்பிட்டு அழுகிறாள், இங்கே சட்னி தீர்ந்துவிட்டது என்று ஒருவர் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுகிறார். அவள் குரலுக்கு அடியில் வீணை வேறு சேர்த்திருந்தார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். நம் ஒப்பாரி மாதிரியே இருக்கிறது இல்லையா என்று ஒரு ஆன்ட்டி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள், பாயசத்தை ஊதிக்கொண்டே. கண்ணைத் துடைத்தவர் யாராவது உண்டா என்று நான் ஹால் முழுக்கப் பார்த்தேன்.

மீரா மட்டும் தட்டைக் கீழே வைத்திருந்தாள். உன் போனில் எத்தனையோ தடவை கேட்ட குரலாயிற்றே. "அம்மா, தட்ஸ் ரூத் ஆன்ட்டி" என்றாள். "அப்பா செட் நோ. உனக்குத் தெரியும்." அதற்கப்புறம் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாளே அது யூடியூபில் ஏறிவிட்டது. எடுங்கள் என்றால், நல்ல எவிடென்ஸ்ம்மா இது, உலகம் கேட்கட்டும் என்கிறார் அங்கிள். நேரே அவர் வீட்டுக்கு டிரைவ் பண்ணிப் போய், அவர் மனைவியின் எதிரிலேயே கேட்டேன். "நாலு சொல்லை வச்சு அவங்கள சொந்தக்காரங்க ஆக்கிட்டீங்க அங்கிள். சொந்தக்காரங்க வீட்டுச் சாவுல இப்படித்தான் தட்டைத் தூக்கிட்டு வரிசையில நிப்பீங்களா?"

வீடியோவை எடுத்துவிட்டார். என்னைப் பற்றி, பாவம், புருஷன் போன அதிர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். ஆனால் வாட்ஸப்பில் அது எங்கெங்கே போயிருக்கிறதோ, அதை யார் எடுப்பது?

ரூத்திடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்து டேனியல் மாஸ்டரின் நம்பர் இருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியும். நீ இறந்ததையே நான் அவருக்கு ஒரு வரி மெசேஜாகத்தான் அனுப்பியிருந்தேன். டிரேயை வைத்துவிட்டு ஓடினவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இங்கே சாயங்காலம், அங்கே மறுநாள் காலை. மாஸ்டர் போனை ரூத்தின் வீட்டுக்கே கொண்டு போனார். நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அவளுக்குச் சொன்னார். நீ ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கின மொழி அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு ஒரு சொல் புரியவில்லை. எத்தனை பேர் கேட்டார்கள் என்றாள். ஹால் நிறைய என்றேன். அழுதார்களா என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றேன். மாஸ்டர் அதையும் அவளிடம் சொன்னார்.

அவள் கோபப்படவில்லை, சுந்தர். அவள் சொன்னதை மாஸ்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "சாவுப் பாட்டைக் காதால கேட்டவங்க அந்த வீட்டுக்கு வந்து உட்காரணும். அது எங்க முறை. அண்ணன் இங்கேயே உட்கார்ந்திருந்தான், அவன் கேட்கலாம். தூரத்துல இருக்கறவங்க எப்படி வருவாங்க? அவங்களுக்குக் கஷ்டமாயிடும்னுதான் யாருக்கும் போடாதேன்னு சொன்னேன்."

நான் ரகசியம் என்று நினைத்தேன். சாபம், பேய், ஏதோ ஒரு பழங்குடிப் பயம் என்றுகூட நினைத்தேன். முகம் தெரியாத நமக்கு வீண் அலைச்சல் வேண்டாமே என்று அவள் நினைத்திருக்கிறாள். இதுகூடத் தெரியாமல் உன்னோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. "அண்ணன் செத்துட்டான்னு நானும் கேட்டேன். நான்தான் அங்கே வரணும், வர வழியில்ல. அவன் குடிசை வாசல்ல பாயைப் போட்டு தினமும் காலையில உட்கார்றேன். அது போதுமான்னு அண்ணியைக் கேளுங்க."

லைன் சரியில்லை என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டு, ஹலோ, ஹலோ என்றார். நான் வைத்துவிட்டேன். நீ போனதற்கு நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

சும்மா இருப்பேனா? சங்கத்து வாட்ஸப் குரூப்பில் எழுதினேன். கேட்டவர்கள் வந்து உட்கார வேண்டுமாம், ஹூஸ்டனிலிருந்து இன்ன வழி, இத்தனை பிளைட், கடைசியில் ஒரு படகு, யார் வருகிறீர்கள் என்று. வழக்கம்போலக் கும்பிடு போடும் கைகள் வந்தன. ஒருவர் பியூட்டிஃபுல் கஸ்டம் என்று எழுதினார். மாணிக்கம் அங்கிள் அங்கே வெஜிடேரியன் கிடைக்குமா என்று விசாரித்தார். அதற்கப்புறம் யாரோ பழைய சோஃபா விற்கிற விளம்பரத்தைப் போட, எல்லோரும் அதற்குப் போய்விட்டார்கள். இவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. என் பெயரையும் அந்தப் பட்டியலில் இருந்து எடுப்பதாக இல்லை.

மீரா இப்போது பேசுகிறாள். உன் அகராதியில் உறவுமுறைப் பக்கங்களை பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். முடியாமல் கிடக்கிற இலக்கணத்தைத் தான் முடித்துத் தருவதாக உன்னோடு வேலை பார்த்தவர் யூனிவர்சிட்டியிலிருந்து சொல்லியிருக்கிறார். பின்னிணைப்பில் அந்தப் பாட்டின் சொற்கள் வரும், ஒலிப்பதிவு வராது என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஸ்கூல் லீவு விட்டதும் நானும் மீராவும் கிளம்புகிறோம். பச்சை டேப் ஒட்டிய டிஸ்க்கை ரூத்தின் கையில் கொடுத்துவிடுவேன். உன் குடிசை வாசலில் அவள் போட்ட பாயில் உட்காருவேன், அவள் பிள்ளைக்காக. எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று கேட்க மாட்டேன். அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அது போனில் சொல்கிற பதில் இல்லை. அவள் மொழியில் அதை எப்படிச் சொல்வதென்று உன் அகராதியில் பார்த்துப் படித்துக்கொண்டு போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன், போதும் என்று.

உன் மனைவி,
ரூத்தின் அண்ணி,
கோமதி