நீ வைத்துவிட்டுப் போன பாட்டில்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் உன் வீட்டுக்காரனும் சுகம். கடிதத்தில் எல்லோரும் ஒப்புக்கு எழுதுகிற சுகம் இல்லை, டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்ன சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே வெயில் கடுமை என்று அவன் சொன்னான். தெருத் தெருவாக ஏறி இறங்குகிறவள், குடை எடுத்துப் போகக் கூச்சப்படாதே.

கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஃபோனில் பேசிவிடலாமே என்று உன் வீட்டுக்காரன் தலையால் அடித்துக்கொண்டான். "ஏழு மாசமா அவளைக் கேட்டு உங்ககிட்ட, உங்களைக் கேட்டு அவகிட்ட. நான் பஸ் ரிப்பேர் பண்றவனா, தபால்காரனா?" என்றான். ஃபோனில் நான் முதல் பேச்சிலேயே தண்ணீர் வரவில்லை, கரண்ட் போய்விட்டது என்று மழுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? எழுதினால் அடித்துத் திருத்தலாம். இதற்கு முன்பே இரண்டு தாள் குப்பைக்குப் போயாயிற்று.

நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிய நாளில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. அதற்கு முந்தின நாள் மாடிப்படியில் என் செருப்பு கழன்று மேல்படியிலேயே நின்றுவிட்டது. அது தெரியாமல் நான்கு படி இறங்கிவிட்டேன். பின்னால் வந்த நீ அதை எடுத்து வந்து என் காலடியில் வைத்தாய். என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாய். மறுநாள் காலையில், அடுப்பில் பால் வைத்திருந்தபோது, "அத்தை, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா? ஊசி கீசி எதுவும் இல்ல. யூரின் மட்டும் போதும். நீங்க செருப்பு ஒட்டற அந்தப் பசையோட புகை உடம்புல எவ்வளவு போயிருக்குன்னு அதுல தெரிஞ்சிடும்" என்றாய். வாசலில் கீழ்வீட்டு டெய்லர் பெண்டாட்டி சர்க்கரைக்கு நின்றுகொண்டிருந்தாள்.

உன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் "ஆராய்ச்சி நிலையத்துல இருக்கா" என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறவள் நான். என்ன ஆராய்ச்சி என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பேச்சை மாற்றுவேன். நீ மூத்திர பாட்டில்களோடு வைக்கிற ஐஸ் கட்டிப் பைகளை நம் ஃபிரிட்ஜில் வைத்தபோது, வெறும் ஐஸ்தான் என்று நீ எத்தனை தடவை சொல்லியும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். அப்படிப்பட்டவளிடம் கீழ்வீட்டுக்காரி காதுபட நீ மூத்திரம் கேட்டுவிட்டாய். நாக்கில் சனி உட்கார்ந்தது. "ஊரார் மூத்திரம் போதாதுன்னு என்னோடதும் வேணுமா? அந்தக் கையால இனிமே என் அடுப்பைத் தொடாத" என்றேன்.

பால் பொங்கி வழியப் போனது. நீ அடுப்பை அணைத்துவிட்டு, பெட்டி கட்டப் போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் குளிக்கக் கிளம்பியபோதுதான் நம் வீட்டு அலமாரியில் அந்த பாட்டிலைப் பார்த்தேன். சிவப்பு மூடி, ஒரு நம்பர், அடியில் மடித்து வைத்த துண்டுச்சீட்டு. "சனிக்கிழமை, வாரத்து வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். காலையில் எடுத்தால் சரியாகத் தெரியாது" என்று உன் கையெழுத்து. கோபமாகக்கூட ஒரு வரி இல்லை. தூக்கிப் போட நினைத்தேன், கை வரவில்லை. சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

இரண்டு நாள் இடைவெளி விட்டு எழுதுகிறேன். நேற்று தெருமுனைக் கடைக்கு நானே நடந்து போய் வந்தேன், அந்த அசதி.

நீ போன பத்தாம் நாள் வென்னீர்ப் பாத்திரம் கை நழுவியது. வென்னீர் வலது காலில் கொட்டியிருக்கிறது. நான் துணியை எடுத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்! உன் வீட்டுக்காரன் ஓடி வந்து, "அம்மா, கால் கொப்பளிச்சிருக்கு, தெரியலையா?" என்று அலறினான். குனிந்து பார்த்தேன். எரியவில்லை. யாரோ ஒருத்தியின் காலைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல் மேலே சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடமாடினேன். வயசாகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐம்பத்து நாலு ஒரு வயசா? நாள் முழுக்க அந்தச் சின்ன அறையில், தூசி விழுந்தால் செருப்பு வார் ஒட்டாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு, டின்னைத் திறந்து வைத்துப் பசை தடவினேன். சாயங்காலம் தலை லேசாகக் கிறுகிறுக்கும். டீ குடித்தால் சரியாகிவிடும். இத்தனையையும் மறைத்தேன். நீ ஒரு செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய்.

அந்தச் சனிக்கிழமை உன் துண்டுச்சீட்டில் இருந்தபடியே செய்தேன். உனக்குப் பதிலாகப் பாட்டில் வாங்க ஐஸ்பெட்டியோடு நம் தெருவுக்கு வருகிறவளை இங்கே எல்லோரும் ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். அவளிடம் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, பைக்குள் வைத்து, ஏதோ நகையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. நம்பரைப் பார்த்ததும், "இந்த நம்பருக்காகத்தான்மா காத்துக்கிட்டு இருந்தேன். உங்க மருமக ரெண்டு தடவை விசாரிச்சுட்டாங்க" என்றாள். என்னிடம் பேசாமலே போனவள் அதற்குள் இரண்டு தடவை விசாரித்திருக்கிறாள். அதைக் கேட்டதும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முடிவு வந்தபோது, இருக்கக்கூடிய அளவைப்போல ஒன்பது மடங்கு இருந்தது. பசையில் ஹெக்சேன் என்று ஒரு திரவம் கலந்திருக்கிறதாம். மூச்சில் போய் உடம்பில் வேறொன்றாக மாறி நரம்பைத் தின்கிறதாம். மிச்சம் மூத்திரத்தில் வருகிறதாம். நிலையத்து டாக்டர் கவை மாதிரி ஒரு கம்பியைத் தட்டி, அது அதிர அதிர என் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதாம்மா?" என்று கேட்டார். வெறும் கம்பி வைத்த மாதிரி இருந்தது. முழங்காலில் வைத்தபோதுதான் லேசாகத் தெரிந்தது. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் படுத்த படுக்கைதான் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "சரியான நேரத்துல வந்தீங்க" என்றார். நான் எங்கே வந்தேன்? நீ அனுப்பினாய்.

அன்றோடு டின்னை மூடினேன். டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார், நிறுத்தின பிறகும் இரண்டு மூன்று மாதம் மோசமாகிக்கொண்டுதான் போகும், மனசு விட்டுவிடக் கூடாது என்று. அப்படியே ஆனது. மூத்திரம் ஒரு மாதத்தில் சுத்தமாகிவிட்டது, நரம்புக்குத்தான் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. சுவரைப் பிடித்து நடந்தேன். உன் வீட்டுக்காரன் பாத்திரம் தேய்த்தான், எனக்குத் தலை பின்னிவிட்டான். பின்னல் பஸ் எஞ்ஜின் பெல்ட் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவன்மேல் கோபித்துக்கொள்ளாதே.

இதற்கு நடுவில் நம் மாடிக் கட்டடத்தில் பெரிய ரகளை. பசை வேலை செய்கிறவர்கள் என்னோடு சேர்த்து ஆறு பேர் இல்லையா? வீடு வீடாகச் செருப்பு ஒட்டக் கொடுக்கிற சரக்குக்காரரிடம் நான் டாக்டர் எழுதியதைக் காட்டினேன். "பசையை மாத்த முடியாது. வேணாம்னா சொல்லுங்க, அடுத்த தெருவுல குடுத்துக்கறேன்" என்று அவர் போய்விட்டார். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து, நடு வராந்தாவில் நின்று கத்தினாள். "உங்க மருமக பாட்டில் தூக்கிக்கிட்டுத் திரியறதுக்கு எங்க வயித்துல அடிக்கணுமா? மூத்திரத்தைப் பார்த்து ஜோசியம் சொல்றாளா அவ?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தேன். "என் மருமகளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத. கொதிக்கிற தண்ணி கால்ல கொட்டி எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா தெரியாதான்னு நீயும் ஒரு சொம்பு ஊத்திப் பாரு. பயமா இருந்தா பாட்டில்ல குடு" என்றேன். சொல்லி முடித்தபோதுதான், அவள் கேட்டது நான் கேட்டதேதான் என்று உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை ஐஸ்பெட்டி ஐந்து பாட்டிலோடு வந்தாள். நீ பார்த்திருக்க வேண்டும். மாடிக்கு ஒரு குளியலறை, வாசலில் வரிசை. டெய்லர் பெண்டாட்டி, "பரீட்சைப் பேப்பர் மாதிரி, யாரும் யாரையும் பார்த்து எழுதக் கூடாது" என்றாள். ஒருத்திக்கு வரவே இல்லை. பயத்தில் ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டாள். ஐஸ்பெட்டி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவ்வளவு தண்ணீர் கலந்தால் பரிசோதனைக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அவளுக்கு மட்டும் மறு பரீட்சை.

ஐந்து பேரில் நால்வருக்கு அளவு மீறியிருந்தது. எதிர்வீட்டுக்காரிக்குத்தான் எல்லோரையும்விட அதிகம், என்னையும்விட. அளவுக்குள் இருந்தவள் மொட்டைமாடிக்காரி ஒருத்திதான். ஒற்றை அறையில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இடம் போதாமல், மொட்டைமாடியில் தகரக் கூரைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தாளே, அவள். அவளுக்கு இடமில்லையே என்று நாமெல்லாம் பரிதாபப்பட்டோம். காற்று அவளைக் காப்பாற்றியிருக்கிறது.

எதிர்வீட்டுக்காரி அன்று என் வாசலில் வந்து நின்றாள். டம்ளர் டம்ளராகக் கை நழுவுகிறதாம். புருஷனுக்குத் தெரியாமல் உடைந்ததையெல்லாம் பேப்பரில் சுற்றி வெளியே போட்டுக்கொண்டிருந்தாளாம். "அக்கா, நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்று அழுதாள். அவளுக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆனது. எனக்கு ஏழு மாதம் ஆகியும் வாய் வரவில்லை பார்.

அதன் பிறகு ஆறு பேரும் ஒரே பேச்சாக நின்றோம். மூன்று வாரம் யாரும் சரக்கு எடுக்கவில்லை. அடுத்த தெருவிலும் ஐஸ்பெட்டி பாட்டிலோடு புகுந்துவிட்டதால் சரக்குக்காரருக்குப் போக்கிடம் இல்லை. நிலையத்து டாக்டரும் கம்பெனிக்கு எழுதினார். கடைசியில் தண்ணீரில் கலக்கிற பசை வந்தது. காய நேரமாகிறது, ஆனால் தலை கிறுகிறுக்கவில்லை. சரக்குக்காரர் மூக்கை டின்னுக்குள் விட்டு, "வாசனையே இல்லையே, இது ஒட்டுமா?" என்றார். ஒட்டுகிறது. இப்போது எல்லோரும் மொட்டைமாடியில்தான் வேலை. மொட்டைமாடிக்காரிதான் அங்கே மேஸ்திரி மாதிரி. எனக்குப் பசைப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. அட்டைப்பெட்டி மடித்துக் கொடுக்கிறேன்.

என் கால் எப்போது திரும்பியது தெரியுமா? போன மாதம் ஒருநாள் சாயங்காலம் ஏதோ சுருக்கென்றது. பார்த்தால் கணுக்காலில் கொசு. அடிக்க ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டேன். "கடி, நல்லா கடி" என்று சொன்னேன். உன் வீட்டுக்காரன் அம்மாவுக்கு மூளையும் போய்விட்டது என்று பயந்துவிட்டான். மறுநாள் தரை ஜில்லென்று தெரிந்தது. இப்போது பேனா பிடிக்கிறேன். கொக்கி நானே மாட்டிக்கொள்கிறேன். கட்டைவிரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அது வரும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். போகட்டும். வந்தவரைக்கும் போதும்.

அடுத்த மாதம் உன் அங்கத்து வேலை முடிகிறது, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், நீ பதில் சொல்லாமல் இருக்கிறாய் என்று அவன் சொன்னான். எனக்காக யோசிக்கிறாயா, என்னால் யோசிக்கிறாயா என்று அவனிடம் கேட்டேன். அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று வருஷம் முன்னால் கல்யாணமான பிள்ளை, அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இளைத்துப் போய்விட்டான். அவனை அங்கே மாற்றல் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அங்கேயும் பஸ் ஓடும், பழுதாகும். நான் தனியாக இருந்துகொள்வேன். கட்டடத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒருத்தி மாற்றி ஒருத்தி எட்டிப்பார்க்கிறாள். நீ அந்த வேலையை விடாதே. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ.

இப்போதெல்லாம் யாராவது மருமகள் என்ன வேலை என்று கேட்டால் விளக்கமாகவே சொல்கிறேன். கேட்டவர்கள்தான் பேச்சை மாற்றுகிறார்கள்.

அங்கேயே இருப்பதா, திரும்பி வருவதா என்பதை நீ முடிவு செய். எப்படி ஆனாலும் நடுவில் நாலு நாள் வந்து போ. எனக்கு எழுத வராத ஒன்று இருக்கிறது. நேரில் வந்தால் அதுவும் வருமோ வராதோ, நீ எதிரே உட்கார்ந்திருந்தால் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நீ தட்டுகிற கதவெல்லாம் திறக்க வேண்டும். திறக்கிறவள் எவளும் அன்றைக்கு என்னைப்போல் இருக்கக் கூடாது. உன்னை உள்ளே கூப்பிட்டு, ஃபேனைப் போட்டு, முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

உன்,
அத்தை