மூடாமல் வைத்த பால்

"காத்தைப் புடிச்சுக் கூண்டுல ஏத்த முடியுமா டீச்சர்? சாட்சி சொல்ல வைக்கணும்" என்று ஒரு நாள் ஆசிரியைகள் அறையில் கேட்டீர்கள். உங்கள் கையில் விசில் இருந்தது. மைதானத்தில் அதை ஊதிப் பார்த்து, சத்தம் வராமல் திரும்பி வந்திருந்தீர்கள். பள்ளியின் பி.டி. டீச்சருக்கு விசில் ஊத மூச்சு போதவில்லை என்பதை அன்றுதான் முதலில் சொன்னீர்கள். நான் அறிவியல் டீச்சர் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. 

இன்று காலை, மேடவாக்கத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே ஒருவர் கருங்கல் பலகையை மெஷினில் அறுத்துக்கொண்டிருந்தார். சூடேறிய கல்லின் வாசனை மாடி வரை வந்தது. ஜன்னலை மூட எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உடனே உங்கள் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் முதலில் வந்தது கல்லுடைக்கும் கிரஷரின் முதலாளி முகம். அதற்குப் பின்னால்தான் நீங்கள் வந்தீர்கள். இத்தனை வருடம் கழித்தும் என் மனதில் வரிசை அப்படித்தான் இருக்கிறது, டீச்சர்.

எண்பதுகளின் கடைசியில் நான் தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்து பல்லாவரத்தில் இறங்குவேன். நம் பள்ளியும் உங்கள் தெருவும் மலையடியில் இருந்தன. மலையை வெடி வைத்து உடைத்து, கல்லைக் கிரஷரில் போட்டு ஜல்லியாக்கி, லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். சென்னையில் எழும்பிய வீடுகளுக்கெல்லாம் அந்த ஜல்லி போனது. பொடி மட்டும் எங்கும் போகவில்லை, உங்கள் தெருவிலேயே தங்கிவிட்டது. வேப்பிலை சாம்பல் நிறத்தில் இருந்தது. தார்ப்பாய் போடாத லாரிகள் வழியெல்லாம் சிந்திக்கொண்டு போயின. சிந்தியதை அடுத்த லாரி அரைத்துக் கிளப்பியது. அதற்கு மேல் டீசல் புகை.

முதல் தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது, காபி டம்ளரை மூடியோடு கொடுத்தீர்கள். ஆறட்டும் என்று நான் மூடியை எடுத்து வைத்தேன். பதறிப்போய் அதைத் திரும்ப மூடினீர்கள்.

"தொறந்து வெக்காதீங்க டீச்சர். மூடியை லேசா நவுத்திக்கினு குடிங்க. எங்க தெருவுல பொறந்த கொழந்தைக்குக் கூட இது தெரியும்."

"மூச்சு விடும்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னும் மூடி வரல" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்தத் தெருவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் கிரஷரில் தண்ணீர்க் குழாயைத் திறப்பார்கள். அன்றைக்குப் பொடி பறக்காது. உடனே எல்லா வீட்டிலும் பள்ளிச் சட்டை, வேட்டி, படுக்கை விரிப்பு என்று வெள்ளைத் துணியாக எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிடுவார்கள். "இன்னிக்கு ஆபீசர் வராரு, வெள்ளையை எடுத்துப் போடு" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். ரயிலிலிருந்து இறங்கி நடந்து வரும்போதே கொடிகளைப் பார்த்து ஆய்வு நாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வந்த அதிகாரிகளோ, "துணியெல்லாம் எவ்வளவு வெளுப்பா இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இதைச் சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் கிரஷர் ஆபீசுக்குப் போனோம். தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், கல் விழும் இடத்தைத் தகரத்தால் மூட வேண்டும், லாரிக்குத் தார்ப்பாய் போட வேண்டும். நாம் கேட்டது அவ்வளவுதான்.

"தண்ணி அடிச்சா பொடி மெஷின்ல அப்பிக்கும்மா. வேலை நடக்க வேணாமா?" என்றார் முதலாளி.

"வாசல் தெளிச்சுட்டுத்தான் சார் பெருக்குறோம். எட்டாங்கிளாஸ் பொண்ணுக்குத் தெரியும் அது."

"மூக்குல முடி இருக்குதில்ல? எல்லாத்தையும் அது புடிச்சுக்கும்."

நான் குறுக்கே பேசினேன். மூக்கு ஒரு சல்லடை. சல்லடையில் ரவை நிற்கும், மைதா இறங்கிவிடும். கிரஷரில் இரண்டும் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் பொடி மூக்கில் நிற்கிறது, தெரியாத பொடி நுரையீரலுக்குள் இறங்கிக் காயம் பண்ணுகிறது. இறங்கியது திரும்ப வெளியே வராது. வகுப்பில் சொல்வது போலப் பொறுமையாகத்தான் சொன்னேன்.

அவர் இரண்டு கைகளையும் விரித்தார். "எங்கம்மா இருக்குது பொடி? காட்டுங்க, பாப்போம்."

வெளியே வந்ததும் நீங்கள் சொன்ன ஒரே சொல்: "காட்டுறேன்."

அந்த வருட ஆண்டு விழாவுக்கு அவரே சிறப்பு விருந்தினர். புதிய வகுப்பறைக்கு அவர் ஜல்லி கொடுத்திருந்தார். மேடை ஏற்பாடு உங்கள் பொறுப்பு, ஆண்டறிக்கை வாசிப்பது என் பொறுப்பு. விழா தொடங்கும் முன் என் காதருகே வந்தீர்கள்.

"நீளமா படிங்க டீச்சர். ஒரு பேரையும் விடாதீங்க."

எதற்கு என்று புரியாமலே தலையாட்டினேன். மைதானம் நிறைய உங்கள் தெருப் பெண்கள். விழாவுக்காகக் கிரஷரை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த மைதானத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தவராக இருந்தால் தோன்றியிருக்கும். மாலை போட்டு உட்கார வைத்ததும், அவர் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து வைத்தீர்கள். மூடி இல்லை. முன் வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கும் விளங்கியது.

என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக எதையும் நான் வாசித்ததில்லை. கோலப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவள் வரை பெயர் பெயராகச் சொன்னேன். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. மலைப்பக்கமிருந்து காற்று வீசியது.

முதலாளி பேச எழுந்தார். "கல்விக் கண் திறக்கும்..." என்றதும் தொண்டை கமறியது. இருமிக்கொண்டே டம்ளரை எடுத்து உதட்டருகே கொண்டுபோய், நின்றுவிட்டார். பாலாடை மேல் சாம்பலாக ஒரு படலம்.

"குடிங்க சார்" என்றீர்கள், மைக் அருகிலேயே நின்று. "நாங்க டெய்லி குடிக்கிறதுதான்."

"சோடா... சோடா இல்லியாம்மா?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "இன்னா சார், பால் புடிக்காதா? உங்க மலைப் பாலுதான சார்!"

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அவர் டம்ளரை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். சோடா வரும்வரை காத்திருக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினார். "திட்டட்டும் டீச்சர். அவன் சோடா கேட்டானே, பாத்தீங்களா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அதிகாரிகள் யாரும் வராமலே சில வாரம் குழாய் திறந்திருந்தது. தெரு முழுக்க வெள்ளைத் துணி. பிறகு ஒரு நாள் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

மலையில் கிரஷர்களை மூடச் சில வருடங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு மூச்சு மிச்சமில்லை. கடைசி மாதங்களில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினீர்கள். பேசுவதற்கே மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அவன மன்னிச்சுட்டேன்னு எங்க பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன் டீச்சர்" என்றீர்கள். கொஞ்சம் இளைப்பாறி, "நீங்க மன்னிக்காதீங்க" என்றீர்கள்.

அடக்கத்துக்கு அவர் ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார். உங்கள் பெட்டியின் மேல் வைத்துக் கும்பிட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் கார் மூக்கில் மாட்டினேன். யாரும் தடுக்கவில்லை. உங்கள் தெருப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

போன மாதம் நெஞ்சு மருத்துவரிடம் போனபோது, எதிர் பெஞ்சில் அவர். வயதாகிவிட்டது, மூக்கில் குழாய். என்னை அடையாளம் தெரிந்து, "டீச்சர், ராத்திரியில மூச்சு விட முடியல" என்றார். பாவம் என்று தோன்றும் என எதிர்பார்த்தேன். தோன்றவில்லை. "ஆமாம், அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒருத்தர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பெயர் கூப்பிட்டதும் எழுந்து போனேன்.

நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். இங்கே குப்பை எரிக்கிறார்கள், போகிக்கு டயர் கொளுத்துகிறார்கள், நிற்கும் வண்டியை அணைக்காமல் உறுமவிடுகிறார்கள். ஒவ்வொருவரும், "எங்கே இருக்கிறது புகை?" என்று கையை விரிக்கிறார்கள். நான் கத்துவதில்லை. பக்கத்தில் போய், அவர்களை அதற்குள்ளேயே நிற்கவைத்துப் பேச்சுக் கொடுக்கிறேன்.

டீச்சர், இந்த மடலை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தெருவில் யாராவது குப்பைக்குத் தீ வைத்தால், வைத்தவரைக் கூப்பிட்டுப் புகை வீசும் பக்கமாக நிற்கவையுங்கள்; அவர் வாயாலேயே, "அணைச்சுடலாம்" என்று சொல்லும்வரை நகரவிடாமல் அவர் வீட்டுப் பிள்ளைகளின் நலம் விசாரித்துக்கொண்டே இருங்கள்.